பூர்கோஞ் திராட்சையும் ஒரு குமாஸ்தாவின் கையெழுத்தும்

போன பதிவில் பழைய துறைமுகப் பாலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை கொஞ்சம் தூரம் போகிறேன், பிரான்சுக்கு. ஆனால் கடைசியில் நம்மூர் பதிவறைக்கே திரும்பி வந்துவிடுவேன், பயப்படாதீர்கள்.

நான் படித்தது முழுக்க பிரெஞ்சு வழியில். 1962-ல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் பாடம் மாறவில்லை. பள்ளி தொடங்கியதும் முதல் சில வாரங்களில் ஒரு திக்தே கட்டாயம் வரும். அதாவது ஆசிரியர் சொல்லச் சொல்ல நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதில் செப்டம்பர் மாதம் என்றால் திராட்சை அறுவடைதான். மூடுபனி, கூடை சுமக்கும் பெண்கள், கத்தரிக்கோல், கறை படிந்த கைகள். முசியே மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தபடி ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு முறை சொல்வார். வெளியே எங்கள் செப்டம்பரில் மழை வருமா வராதா என்கிற புழுக்கம். திராட்சைக் கொடியை நான் கண்ணால் பார்த்ததே வேலைக்குச் சேர்ந்த பிறகு கம்பம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோதுதான். ஆனால் 'வாந்தாஞ்' என்ற சொல்லுக்குக் கடைசியில் எஸ் போட வேண்டுமா வேண்டாமா என்பது பத்து வயதிலேயே தெரியும்.

அந்த செப்டம்பரே இப்போது பிரான்சில் பொய்யாகிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் அக்கா மகன் திஜோன் நகரத்தில் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2003 ஆகஸ்டில் ஒரு நாள் தொலைபேசியில், "மாமா, இங்கே ஆகஸ்ட் மாசமே திராட்சை பறிக்கிறாங்க. லீவுக்குப் போன ஆளுங்களை எல்லாம் திரும்பக் கூப்பிடுறாங்க" என்றான். எனக்கு முதலில் முசியேவின் முகம்தான் ஞாபகம் வந்தது. அந்தக் கோடையில் பிரான்சில் மட்டும் வெயிலுக்குப் பதினைந்தாயிரம் பேர் வரை இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். திராட்சையைப் பற்றிப் பேச அது நேரமில்லை. ஆனால் அடுத்த முறை அவன் ஊருக்கு வந்தபோது, எனக்கென்று ஒரு தடித்த புத்தகம் வாங்கி வந்தான். எம்மானுவேல் லெ ருவா லதுரி எழுதியது; 'ஆயிரமாவது ஆண்டிலிருந்து தட்பவெப்பத்தின் வரலாறு' என்று தலைப்பைச் சொல்லலாம். முதலில் வெளிவந்தது 1967-ல்.

லெ ருவா லதுரி வரலாற்றாசிரியர், வானிலைக்காரர் இல்லை. தெற்குப் பிரான்சின் குடியானவர்களைப் பற்றி ஆராய்ந்தவர். பிற்காலத்தில் பிரான்சின் தேசிய நூலகத்துக்கே தலைவராக இருந்தார். 2023 நவம்பரில் காலமானார். தெர்மாமீட்டர் வருவதற்கு முன்பு வெயில் எவ்வளவு அடித்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் பார்த்தது ஆல்ப்ஸ் மலையின் பனியாறுகள் கீழே இறங்கிய குறிப்புகள், மர வளையங்கள், அதோடு திராட்சை பறிக்கத் தொடங்கிய தேதிகள். இந்தத் தேதிகளை முதலில் திரட்டியவர் அவர் இல்லை. 1880-களிலேயே ஆல்ஃபிரட் ஆன்கோ என்ற வானிலை அறிஞர் ஊர் ஊராகத் திரட்டி அச்சிட்டிருக்கிறார்.

தேதி எப்படித் தெர்மாமீட்டர் ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். குளிர் நாட்டுத் திராட்சைக்கொடி பனிக்காலம் முழுக்கக் கட்டை போலத் தூங்கும். ஏப்ரலில் துளிர்க்கும், ஜூனில் பூக்கும், அதன் பிறகு பழுக்க ஆரம்பிக்கும். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை எவ்வளவு வெப்பம் கிடைத்ததோ அதைப் பொறுத்துப் பழம் முன்னே பின்னே பழுக்கும். வெப்பமான வருஷம் அறுவடை முந்தும், குளிர்ந்த வருஷம் பிந்தும். நம் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே கொடி தூங்குவதே இல்லை. எப்போது கவாத்து வெட்டுகிறோமோ அதிலிருந்து நாலு மாதத்தில் பன்னீர் திராட்சை வரும். அங்கே அறுவடைத் தேதி விவசாயியின் கத்தியைப் பற்றித்தான் சொல்லும், வானத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சரி, அந்தத் தேதியை யார் எழுதி வைத்தார்கள்? இங்கேதான் எனக்கு விஷயம் சூடு பிடித்தது. பழைய பிரான்சில் ஒருவன் தன் தோட்டத்துத் திராட்சையைத் தன் இஷ்டப்படி பறித்துவிட முடியாது. ஊரில் நாலு பெரியவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து, பழத்தைச் சுவைத்துப் பார்த்து, இன்ன நாள் என்று முடிவு செய்வார்கள். பிரபுவோ நகர சபையோ அதைப் பறை அறிவிப்பது போல அறிவிக்கும். இதற்குப் பெயர் 'பான் தே வாந்தாஞ்'. அதற்கு முன்னால் பறித்தால் அபராதம். ஒரே நேரத்தில் பறித்தால் திருட்டுக் குறையும், கோயிலுக்கும் பிரபுவுக்கும் சேர வேண்டிய பங்கை வசூலிப்பதும் சுலபம், காயாகப் பறித்து ஊர் மதுவின் பெயரைக் கெடுக்கவும் வழியில்லை. எல்லாம் நிர்வாகக் காரணங்கள். தட்பவெப்பத்தை ஆராய வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஒரு குமாஸ்தா பேரேட்டில் தேதியை எழுதினான், கைச்சாத்து வாங்கினான், அலமாரியில் வைத்தான். அவ்வளவுதான்.

பூர்கோஞ் பகுதியில் போன் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. (தொலைபேசி இல்லை. பெயரே அப்படி.) 1443-ல் கட்டிய தருமாஸ்பத்திரியும் அதன் வண்ண ஓட்டுக் கூரையும் புகழ் பெற்றவை. அந்த ஆஸ்பத்திரிக்குச் சொந்தமான திராட்சைத் தோட்டத்து மதுவை 1859-லிருந்து வருஷா வருஷம் ஏலம் விடுகிறார்கள். அந்த நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து தொமா லாபே, கிரிஸ்டியன் ஃபிஸ்டர் முதலான ஆராய்ச்சியாளர்கள் 1354 முதல் 2018 வரை 664 ஆண்டுகளின் தேதிகளைத் திரட்டி 2019-ல் வெளியிட்டார்கள். பழைய காலத்துக்கு அவர்களுக்கு உதவியது பறிக்க வந்த ஆட்களுக்குக் கொடுத்த கூலிக் கணக்கு. பின்னால் நகர சபையின் தீர்மானங்கள்.

அவர்கள் சொன்ன இன்னொரு விஷயத்தைப் படித்தபோது நான் தனியாகச் சிரித்தேன். அதற்கு முன் எல்லோரும் பயன்படுத்திவந்த பிரபலமான திஜோன் பட்டியலில் நிறையத் தவறுகள் இருந்தனவாம். காரணம், அறிஞர்கள் மூல ஆவணத்தைப் பார்க்காமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான புத்தகங்களிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டதுதான். நகலிலிருந்து நகல் எடுத்தால் என்ன ஆகும் என்று எந்தக் கடைநிலை எழுத்தரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான். என் முதல் மேலதிகாரி, "ஒரிஜினலைப் பார்த்தியா?" என்று கேட்காமல் ஒரு கோப்பிலும் கையெழுத்துப் போடமாட்டார்.

தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. பிரான்சில் 1582 டிசம்பர் 9-ந் தேதிக்கு அடுத்த நாள் டிசம்பர் 20. புது நாட்காட்டிக்கு மாறியபோது இடையில் பத்து நாட்களைக் காணோம். ஆகையால் அதற்கு முந்தைய தேதிகளை எல்லாம் திருத்த வேண்டும். அதுவும் ஒரே அளவாக இல்லை. 1360-ல் எழுதிய தேதிக்கு எட்டு நாள் கூட்ட வேண்டும், 1450-க்கு ஒன்பது, 1550-க்குப் பத்து. இதைக் கவனிக்காமல் விட்டால் பழைய காலமெல்லாம் உண்மையில் இருந்ததைவிட வெப்பமாகத் தெரியும். என்னைப் போன்றவர்களுக்கு இதைவிட ருசியான வேலை உலகத்தில் கிடையாது.

இவ்வளவும் செய்து அவர்கள் கண்டது என்ன? 1354-லிருந்து 1987 வரை போன் நகரில் சராசரியாக அறுவடை தொடங்கிய நாள் செப்டம்பர் 28. அறுநூற்று முப்பத்து மூன்று வருஷம்! அதில் நூறாண்டுப் போர் நடந்தது, கொள்ளைநோய் வந்து வந்து போனது, மன்னன் தலை போனது, இரண்டு உலகப் போர்கள் நடந்தன. பனியாறுகள் ஆல்ப்ஸ் கிராமங்கள் வரை இறங்கிவந்த 'சிறு பனியூழி'யும் அதற்குள்தான் அடங்கும். 1988-லிருந்து 2018 வரைக்கும் சராசரி பதின்மூன்று நாட்கள் முந்திவிட்டது.

பதின்மூன்று நாள்தானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களின் நாட்காட்டியை எடுத்துப் பார்த்த பிறகுதான் உறைத்தது. 1793-ல் அவர்கள் பழைய மாதப் பெயர்களை ஒழித்துவிட்டுப் பருவங்களை வைத்துப் புதிய பெயர் சூட்டினார்கள். ஃபாப்ர் தெக்லான்தின் என்ற கவிஞர் கொடுத்த பெயர்கள் அவை. ஆண்டின் முதல் மாதம் செப்டம்பர் 22 வாக்கில் தொடங்கும், அதன் பெயர் வாந்தேமியேர், திராட்சை அறுவடை மாதம். ஆண்டின் கடைசி மாதம் ஃப்ருக்திதோர், பழ மாதம். செப்டம்பர் 28 என்றால் வாந்தேமியேர் 7, அதாவது சொன்ன பெயருக்குச் சரியாகப் பொருந்துகிறது. அதிலிருந்து பதின்மூன்று நாள் பின்னால் எண்ணினால் ஃப்ருக்திதோர் 29. அறுவடை மாதத்திலிருந்து அறுவடை நழுவிப் போன வருஷத்தின் கடைசி மாதத்துக்குள் விழுந்துவிட்டது! (இந்த நாட்காட்டி நம்மூரில் நடப்பில் இருந்ததா என்று சிலர் கேட்பார்கள். 1793 ஆகஸ்டிலேயே புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். நாட்காட்டி வந்தது அந்த அக்டோபரில். நெப்போலியன் அதை 1806 ஜனவரியோடு முடித்துவிட்டான். ஊர் நிலையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது 1816-ல். ஆக நம் தாத்தாக்கள் தப்பித்தார்கள்.)

அந்த 1816-ம் இந்தக் கதையில் வருகிறது. முந்தின வருஷம் ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசும் புகையும் உலகையே சுற்றியதில் ஐரோப்பாவில் அந்த ஆண்டு கோடையே வரவில்லை. திராட்சை அறுவடை அக்டோபருக்குத் தள்ளிப்போனது. முந்திய வருஷங்களும் பழைய கணக்கில் உண்டு. அதை மறைத்து எழுதினால் நேர்மையாகாது. 1540-ல் ஐரோப்பாவில் மாதக்கணக்கில் மழை இல்லாமல் ஆறுகள் வற்றின. பழம் கொடியிலேயே காய்ந்து சுருங்கியது. எனவே 'வெயில் எப்போதும் அடித்ததுதான்' என்று சொல்பவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் எத்தனை தடவை அடித்தது என்பதுதான் கேள்வி. மிகமிக முந்திய அறுவடைகள் என்று ஒதுக்கினால் 1720 முதல் 2002 வரை, ஏறத்தாழ முந்நூறு வருஷத்தில், அப்படி ஐந்தே ஐந்து வருஷங்கள். 2003 முதல் 2018 வரை பதினாறு வருஷத்தில் எட்டு.

லெ ருவா லதுரியே தன் முதல் புத்தகத்தில் கவனமாக இருந்தார். அறுவடைத் தேதியில் மனிதனின் விருப்பமும் கலந்திருக்கிறது, இனிப்பான மது வேண்டும் என்று ஒரு காலத்தில் வேண்டுமென்றே தள்ளிப்போட்டிருக்கிறார்கள், ஆகவே தேதி தாமதமானதை எல்லாம் குளிர் என்று படிக்காதே என்று எச்சரித்தார். மனித வரலாற்றில் தட்பவெப்பத்தின் பங்கையே அப்போது குறைவாகத்தான் மதிப்பிட்டார். எழுபத்தைந்து வயது நெருங்கும்போது மறுபடி உட்கார்ந்து அதே விஷயத்தை மூன்று பாகங்களாக விரிவாக எழுதினார். அந்த வயதில் நான் மூட்டுவலி மாத்திரையைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன்.

சரி, பழம் முன்னாலேயே பழுத்தால் நல்லதுதானே? சில காலம் நல்லதாகவே இருந்தது. ஒரு காலத்தில் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் நன்றாகப் பழுக்கும் என்றிருந்த வடக்குப் பகுதிகளில் இப்போது வருஷா வருஷம் பழுக்கிறது. ஆனால் வெப்பம் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்புக் குறையும். சர்க்கரை கூடினால் மதுவில் ஆல்கஹால் கூடும். தெற்கே லாங்தொக் பகுதியில் 1980-களில் 11 சதவீதம் போல இருந்தது இப்போது 14-ஐத் தொடுகிறது. அதே பகுதியில் 2019 ஜூன் 28 அன்று வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி பதிவானது, பிரான்சில் அதுவரை பதிவானதிலேயே அதிகம். சுற்றுவட்டாரத்தில் இலையும் பிஞ்சும் தீவட்டி காட்டினதுபோலக் கருகின. அக்கா மகன் படம் அனுப்பியிருந்தான். சித்திரை வெயிலில் நம்மூர் முருங்கைகூட அப்படிக் கருகிப் பார்த்ததில்லை.

இதில் ஒரு விபரீதம் என்னவென்றால் வெப்பமே பனியையும் ஆபத்தாக்குகிறது. 2021 மார்ச் கடைசியில் பிரான்சில் கோடைபோல வெயில். கொடியெல்லாம் ஏமாந்து துளிர்விட்டது. ஏப்ரல் முதல் வாரத்தில் பழையபடி உறைபனி. தூங்கும் கட்டைக்கு அந்தப் பனியால் ஒன்றும் ஆகாது, துளிருக்குத்தான் ஆகும். தோட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மெழுகு எரித்து, இரவெல்லாம் விழித்தும் பலர் இழந்தார்கள். திராட்சை மட்டுமில்லை, பாதாமி, பீச், செர்ரி எல்லாம்.

பழ எல்லை நகர்கிறது என்பது உண்மைதான். இங்கிலாந்தின் தெற்கில் நைட்டிம்பர் என்ற பண்ணை 1988-ல் ஷாம்பெய்ன் வகைக் கொடிகளை நட்டபோது பலர் சிரித்தார்களாம். 2015-ல் ஷாம்பெய்ன் பகுதியின் பழைய நிறுவனமான தெத்தாஞ்செரே கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கி, 2017-ல் கொடி நட்டது. மழைக்குப் பேர்போன பிரெத்தாஞ் பகுதியில் 2016-க்குப் பிறகு வியாபாரத்துக்காகவே திராட்சை போடுகிறார்கள். சிசிலித் தீவில் மாம்பழம் காய்க்கிறது! ஆனால் நிலம் வாங்கிப் புதிதாக நடுபவனுக்குத்தான் எல்லை நகர்கிறது. ஏற்கெனவே நட்டவனுக்கு நகர்வதில்லை. பூர்கோஞ்சில் திஜோனுக்குத் தெற்கே ஒடுங்கிய ஒரு மலைச்சரிவு. அதில் 1,247 துண்டு நிலங்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றாண்டுகளாகப் பெயர், எல்லை, தனி ருசி. 2015-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியமாக்கியது. அந்தத் துண்டு நிலத்துக்கு அங்கே வழங்கும் சொல் என்ன தெரியுமா? 'க்ளிமா'. தட்பவெப்பம் என்பதற்கும் அதே சொல்தான். ஒரு க்ளிமா மாறுகிறது, இன்னொரு க்ளிமா இடத்தை விட்டு அசைய முடியாது. சிவப்பு என்றால் அங்கே பினோ நுவார் என்ற ஒரே ரகம்தான் பெரும்பாலும். வேறு ரகம் நட்டால் பெயர் போய்விடும்.

போர்தோக்காரர்கள் கொஞ்சம் வளைந்து கொடுத்தார்கள். 2021 ஜனவரியில் ஆறு புதிய ரகங்களுக்கு அனுமதி வாங்கினார்கள். அதில் போர்ச்சுகலின் தூரிகா நாசியோனாலும் ஒன்று. அதற்கும் நிபந்தனை உண்டு. தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக்கூடாது. பிரெஞ்சு நிர்வாகத்தின் பாணி உங்களுக்குத் தெரிந்ததுதானே. அனுமதியும் கொடுப்பார்கள், கயிறும் கட்டுவார்கள்.

இனி என் விஷயம். வீட்டில்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை.

எண்பதுகளில் நான் ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். எது என்று வேண்டாம். கட்டடம் ஒழுகியது, பதிவறையில் இடம் இல்லை. பழைய பதிவேடுகளில் எது தேவை, எது தேவையில்லை என்று பட்டியல் போடும் வேலை என்னிடமும் இன்னொருவரிடமும் வந்தது. பிரெஞ்சு படிக்கத் தெரியும் என்பதால் பழைய காலத்துக் கட்டுகள் எனக்கு. அதில் ஏழெட்டுப் பேரேடுகள் அரசு மரங்களின் மகசூல் ஏலம் பற்றியவை. புளி, தென்னை, மா. மாமரத்துக்கு மட்டும் ஒரு தனிப் பத்தி இருந்தது. ஏலத்துக்கு முன் சேவகன் போய்ப் பார்த்து, எந்தத் தோப்பில் என்றைக்குப் பூ கண்டது, எவ்வளவு பிஞ்சு நிற்கிறது என்று சொல்ல, எழுத்தர் குறித்துவைத்திருந்தார். சாய்ந்த அழகான கையெழுத்து, ஊதா மை. பல வருஷங்களுக்குத் தொடர்ச்சியாக. ஒரு மதியம் முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். பிறகு பட்டியலில் 'கணக்கு முடிந்தது, தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விதிப்படி சரிதான். தணிக்கை முடிந்த கணக்கு. மூட்டை மூட்டையாக எடைக்குப் போனது. அந்த வாரம் பஜாரில் பட்டாணி வாங்கினவர்கள் ஊதா மையைப் பார்த்திருப்பார்கள்.

மாமரம் பூக்க மார்கழி இரவில் கொஞ்சம் குளிர் தட்ட வேண்டும் என்பது நம்மூரில் எல்லோருக்கும் தெரியும். குளிர் தட்டாத வருஷம் பூவுக்குப் பதில் துளிர் வரும். இப்போது என் வயதுக்காரர்கள் கூடும்போதெல்லாம், "முன்னே மாதிரி பூக்கிறதில்லைப்பா" என்று சொல்கிறோம். முன்னே என்றால் எப்போது? எத்தனை நாள் முன்னே பின்னே? யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடிய ஏழெட்டுப் பேரேடுகளுக்குக் கீழே என் கையெழுத்து இருக்கிறது. போன் நகரத்துக் குமாஸ்தாக்களின் அலமாரியை யாரோ அறுநூறு வருஷம் எடைக்குப் போடாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி வயிறு சரியில்லை என்று நினைத்து ஓமத் தண்ணீர் வைத்துக்கொடுத்தாள்.

உங்களில் யார் வீட்டிலாவது தாத்தா, பாட்டி காலத்துக் கணக்கு நோட்டு பரணில் கிடந்தால் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள். மாவடு வாங்கின தேதி, முதல் மாம்பழம் வாங்கின தேதி, தோப்புக் குத்தகை விட்ட தேதி, எதுவானாலும் சரி. பிரெஞ்சில் இருந்தாலும் பரவாயில்லை, படித்துச் சொல்கிறேன். படம் எடுத்து அனுப்பினால் போதும், நோட்டை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.